என் எண் 9-ஆ, 4-ஆ?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கடலோர உவர் நிலத்தில் பாரம்பரிய நெல் வகைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது என் ஆய்வு. பதவி உயர்வுப் படிவத்தில் எச்-குறியீடு, மொத்த மேற்கோள், இம்பாக்ட் ஃபேக்டர் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்று எண்ணும் தளங்களில், என் எச்-குறியீட்டை கூகுள் ஸ்காலர் 9 என்கிறது, ஸ்கோபஸ் 4 என்கிறது. எதை எழுதுவது? எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர் ஆண்டுக்குப் பதினைந்து கட்டுரை போடுகிறார். நான் தனியாக எழுதியிருக்கும் அடுத்த கட்டுரையிலும் தன் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். பணம் கட்டினால் இருபது நாளில் ஸ்கோபஸ் கட்டுரை என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் விடாமல் செய்தி அனுப்புகிறார். நான் தமிழில் எழுதிய சிறு கையேடு வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் பலரிடம் இருக்கிறது. அதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. நான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். என் பக்கங்களின் இணைப்பையும் கட்டுரைப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்களா என்பதை இந்த இரண்டு எண்களைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆய்வு வெளியீடுகளை அளப்பதே என் பிழைப்பு. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன், அதனால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன். 9, 4 இரண்டும் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் பதிவேடு எந்த நிலையில் கிடக்கிறது என்பதையே அதிகம் சொல்கின்றன.

உங்கள் ஸ்கோபஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏழு கட்டுரைகள். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் வரிசையாக 41, 12, 7, 4, 3, 1, 0. எச்-குறியீடு என்பது கலிபோர்னியாவில் இருந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எளிய கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் குறைந்துகொண்டே போகும் வரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் கடைசியாக எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காவது கட்டுரைக்கு 4 இருக்கிறது. ஐந்தாவதுக்கு 3தான். ஆகவே உங்கள் எண் 4. முதல் கட்டுரையின் 41 நாளைக்கு 410 ஆனாலும் எண் 4-ஐ விட்டு நகராது. நான்காவதுக்கு ஒன்றும் ஐந்தாவதுக்கு இரண்டுமாக மூன்றே மூன்று மேற்கோள் கிடைத்தால் 5 ஆகிவிடும். அடுத்த கட்டுரையில் நீங்களே அந்த இரண்டையும் மேற்கோள் காட்டினால் மூன்றில் இரண்டு கைக்கு வந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். சிலர் இதைக் கவனித்துத்தான் பெரியவர்களாகியிருக்கிறார்கள்.

அந்த 41 பெற்றது உங்கள் சொந்தக் களச் சோதனை அல்ல, பிறர் ஆய்வுகளைத் திரட்டி எழுதிய தொகுப்புக் கட்டுரை. அந்த வகைக்கு மேற்கோள் எப்போதும் கூடுதலாகவே விழும். முன்னுரையில் ஒரு வரி எழுதி அடைப்புக்குறிக்குள் போட வசதியானது அதுதான். மூன்று பருவம் சேற்றில் நின்று எழுதிய கட்டுரைக்கு 0 என்பது வருத்தம்தான். ஆனால் அது வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

இனி நீங்கள் பார்க்காத ஒன்று. ஸ்கோபஸில் உங்களுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செல்வி என்றும் தந்தை பெயர் கோவிந்தசாமி என்றும் வைத்துக்கொள்வோம். முனைவர் பட்டக் காலத்தில் 'ஜி. செல்வி' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆய்விதழ் முழுப்பெயர் வேண்டும் என்றதும் 'செல்வி கோவிந்தசாமி' ஆனீர்கள். பெயரில் கடைசியாக வருவது குடும்பப் பெயர் என்று நம்பும் மென்பொருள் அதைப் பார்த்ததும் 'கோவிந்தசாமி, எஸ்.' என்று பதிந்துகொண்டது. கல்லூரி வாசலையே மிதிக்காத உங்கள் தந்தை தாவரவியல் ஆய்வாளராகிவிட்டார். திருமணத்துக்குப் பிறகு ஒரு கட்டுரையில் கணவரின் முதலெழுத்தும் வந்திருக்கிறது. கல்லூரி முகவரியும் இரண்டு விதமாக இருக்கிறது. முதலெழுத்தோடு வாழும் நம் ஊர் ஆய்வாளர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான். பெண்களுக்கு இரு மடங்கு.

கோவிந்தசாமி கணக்கில் மூன்று கட்டுரைகள் கிடக்கின்றன. மேற்கோள்கள் 9, 6, 2. இரண்டு பக்கங்களையும் சேர்த்து அடுக்கிப் பாருங்கள்: 41, 12, 9, 7, 6, 4, 3, 2, 1, 0. ஐந்தாவதுக்கு 6 இருக்கிறது, ஆறாவதுக்கு 4தான். ஆக, நீங்கள் 4 என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தது 5.

கூகுள் ஸ்காலரில் கதை தலைகீழ். அது இணையத்தில் கண்ணில் படும் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு, நூல், பல்கலைக்கழகத் தளங்களில் கிடக்கும் கோப்பு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் சில கருத்தரங்கத் தொகுப்புகளையும் நூல்களையும் மட்டுமே எண்ணும். அதனால் கூகுள் எண் பெரிதாக இருப்பது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் பல்மருத்துவக் கட்டுரைகள் நான்கு இருக்கின்றனவே! அவை உங்கள் பெயர் கொண்ட வேறொருவருடையவை. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ள நீங்கள் அனுமதித்திருப்பதால் வந்த வினை. அவற்றை நீக்கினால் 9 என்பது 8 ஆகிறது. நேர்காணலில் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தால் போதும், பல்லைப் பற்றித்தான் பேச்சு போகும்.

ஆக, புதிதாக ஒரு வரிகூட எழுதாமல் 9-க்கும் 4-க்கும் இருந்த தூரம் 8-க்கும் 5-க்கும் உள்ள தூரமாகச் சுருங்கிவிட்டது. இந்த வாரமே ஆர்கிட் தளத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. 16 இலக்க எண் ஒன்று தருவார்கள், பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது. அதன் பிறகு ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்புங்கள். கூகுளில் தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, உங்களைக் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். இனி எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் பெயரும் கல்லூரி முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கட்டும்.

படிவத்தில் எதை எழுதுவது? இரண்டையும் எழுதுங்கள், எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நெல் கணக்கைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. இத்தனை கலம் என்று சொல்வதோடு அங்கே நிறுத்துவதில்லை. 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' அளந்தது என்று அளவையின் பெயரும் கூடவே வரும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த காலத்தில் அது இல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. 'ஸ்கோபஸ், இன்ன தேதி: 10 கட்டுரை, 85 மேற்கோள், எச்-குறியீடு 5' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கூகுள் ஸ்காலருக்கு ஒரு வரி. ஸ்கோபஸ் பக்கத்திலேயே சுய மேற்கோள்களை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அந்த எண்ணையும் சேர்த்துவிட்டால் வாயைத் திறக்க யாருக்கும் இடமிராது. சேர்ப்பு வேலை முடியும் முன் படிவம் போகவேண்டியிருந்தால், இரண்டு பக்கங்களின் விவரத்தையும் கொடுத்துக் கூட்டிக் காட்டுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் உங்கள் எண்ணே அல்ல, ஆய்விதழின் எண். ஓர் இதழ் 2022, 2023 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை அந்த ஈராண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024-க்கான எண் கிடைக்கும். சராசரி என்பதால், நாலைந்து கட்டுரைகள் தூக்கிப் பிடிக்க மற்றவை அந்த நிழலில் நிற்கும். மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார், 1960-களில் அது அச்சில் வந்தது. எந்த இதழ்களை அந்த அட்டவணையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய இம்பாக்ட் ஃபேக்டர் உதவியது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று நூலகர்களும் அதைப் பார்த்தார்கள். ஆளை எடைபோடும் வேலை பின்னால் ஏற்றப்பட்டது. நம் மண்ணின் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர், 1948-இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த நூலகர் மாநாட்டில் 'லைப்ராமெட்ரி' என்று ஒரு துறையையே முன்மொழிந்தார். நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளந்து வாசகருக்கு நன்றாகச் சேவை செய்வது அவர் நோக்கம். அளவையை வைத்து உதவிப் பேராசிரியர்களைக் கலங்கடிப்பது அவர் திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆய்விதழின் முகப்பில் தாங்களே பளபளவென்று போட்டிருக்கும் எண்களில் கிளாரிவேட்டுக்குத் தொடர்பே இல்லாதவை பல.

உங்கள் மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்பது ஏன் இவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதற்கு விதியிலேயே விடை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் பகிர்வு இப்படி: இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கட்டுரையின் மதிப்பை 100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தனியாக எழுதினால் மொத்தம் 100. இருவர் என்றால் 140. மூவர் 130, நால்வர் 160, அறுவர் 220. கட்டுரை அதேதான், இருவர் மூவராகும்போது மட்டும் சற்றுக் குறைந்தாலும், ஆள் கூடக்கூட மதிப்பெண் பெருகுகிறது. இதில் இன்னொரு நுட்பம்: மூவராக எழுதியதில் நான்காவதாக ஒரு பெயரை நுழைத்தால் முதன்மை ஆசிரியரின் 70 குறைவதே இல்லை. யாருக்கும் நட்டமில்லாத தானம் எங்கும் பரவத்தானே செய்யும்? ஒரு கட்டுரையை அதன் ஆசிரியர்களுக்குள் பங்குபோட்டு, கூட்டினால் ஒன்றுக்கு மேல் போகாமல் எண்ணும் முறை எங்கள் துறையில் வெகுகாலமாக இருக்கிறது. மதிப்பெண் அட்டவணை எழுதியவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் கல்லூரி இப்போது எந்த விதியின்படி கணக்கெடுக்கிறது என்று அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுத்த கட்டுரை தனியாக எழுதியது என்கிறீர்கள். அவரைச் சேர்த்தால் உங்களுக்கு 30 நட்டம், அவருக்கு 70 வரவு. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அவருடைய வேறு கட்டுரைகளில் நாளை ஏதேனும் கோளாறு வெளிப்பட்டால், கூட்டாளிகள் என்று உங்கள் பெயரும் அதே வலைப்படத்தில் கோடு போட்டு இணைக்கப்பட்டிருக்கும். யார் யாரோடு எழுதினார்கள் என்பதை வரைபடமாக்க இலவச மென்பொருள்களே இருக்கின்றன. ஆசிரியர் பெயர்களைப் புள்ளியாகவும் கூட்டுக் கட்டுரைகளைக் கோடாகவும் காட்டும் அந்தப் படத்தில், எல்லாத் துறையோடும் கோடு வைத்திருக்கிற ஒருவர் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுவார்.

மூத்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல மறுக்கத் தேவையில்லை. இப்போது பல ஆய்விதழ்கள் 'கிரெடிட்' என்ற முறையில் பங்களிப்பு விவரம் கேட்கின்றன. கருத்தாக்கம், களப்பணி, தரவு ஆய்வு, முதல் வரைவு, மேற்பார்வை என்று 14 தலைப்புகள். "ஐயா, இதழில் ஒவ்வொருவரின் பங்கையும் கேட்கிறார்கள், உங்களுக்கு எதைப் போடட்டும்?" என்று அந்தப் பட்டியலைக் கொண்டுபோய் வையுங்கள். அவர் உண்மையாகவே உப்புத்தன்மைத் தரவைச் சரிபார்த்துத் தர முன்வந்தால் தாராளமாகச் சேருங்கள், கூட்டு ஆய்வு என்பதே அதுதான். இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வாட்ஸ்அப் ஆள் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தடை செய்துவிடுங்கள். இவர்கள் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று, ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த கட்டுரையில் ஆசிரியர் இடம், முதல் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை. இன்னொன்று, உண்மையான ஆய்விதழின் பெயரையும் அதன் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு நடத்தும் போலித் தளம். இதழின் பெயர் ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும், அதைக் காட்டுவார்கள். கட்டுரை வெளியாவது போலித் தளத்தில். எந்த இதழுக்கு அனுப்பும் முன்பும் ஸ்கோபஸின் மூலப்பட்டியலில் தேடி, சேர்க்கை நிறுத்தப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பாளரின் சொந்தத் தளத்தின் வழியாக மட்டுமே உள்ளே போங்கள், அனுப்பப்பட்ட இணைப்பை அழுத்தாதீர்கள். இருபது நாளில் இருவர் ஒரு கட்டுரையைப் படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, அவர்கள் மறுபடி பார்த்து முடிவதெல்லாம் நடக்கிற காரியமா? முன்பெல்லாம் ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் மானியக் குழுவின் கேர் பட்டியலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவோம். 2025-இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டார்கள். நல்லது கெட்டது பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரியின் தலையிலும் உங்கள் தலையிலும்தான்.

உங்கள் கையேட்டைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். சம்பா பருவத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிஆர் 1009 சப்-1 ரகத்தை நினைத்துப் பாருங்கள். பயிர் ஏறக்குறைய இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கவைக்கும் மரபணு அதில் இருக்கிறது. எஃப்ஆர் 13ஏ என்ற ஒடிசா நாட்டு ரகத்திலிருந்து வந்தது அது. அந்த மரபணுவை விவரித்த கட்டுரை 2006-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்து ஏராளமான மேற்கோள்களைப் பெற்றது, அதற்கு முழுத் தகுதியும் உண்டு. ஆனால் வெள்ளம் வடிந்த பின் தன் வயலில் பயிர் நிற்பதைப் பார்க்கிற கீழையூர் விவசாயி யாரையும் மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுவதில்லை. அந்த நாட்டு ரகத்தைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காப்பாற்றிய ஒடிசாக்காரர்களுக்கு எச்-குறியீடும் கிடையாது. மேற்கோள் எண்ணிக்கை என்பது எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்வது. உங்கள் கையேடு அந்தக் கணக்குக்கு வெளியே நடக்கிறது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

சான்று திரட்டலாம். செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் 'ஸெனோடோ' களஞ்சியத்தில் கையேட்டின் பிடிஎஃப் கோப்பை ஏற்றினால் கட்டணமில்லாமல் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும். தமிழ்த் தலைப்போடு ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் சேருங்கள். அன்றிலிருந்து அது பிறர் முறையாகச் சுட்டக்கூடிய வெளியீடு. வேளாண்மைத் துறையின் வட்டார அலுவலகமோ சிக்கல் ஊரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமோ பயிற்சியில் அதைப் பயன்படுத்தியிருந்தால், எப்போது, எத்தனை பேருக்கு என்று ஒரு கடிதம் வாங்குங்கள். குழிவெடிச்சான் என்ற நாட்டு நெல் விதைத்த வயல்களின் மண் உப்பு அளவீட்டை நீங்கள் எடுத்தபோது விதையும் நிலமும் கொடுத்து உடன் நின்ற விவசாயிகளுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, நன்றியுரையில் பெயர் சொல்லியிருக்கிறீர்களா? பட்டியலில் அப்படி ஒரு கட்டுரைதான் கண்ணில் பட்டது. இனி எல்லாவற்றிலும் சொல்லுங்கள்.

கட்டமில்லாத படிவத்துக்கு இணைப்பாக அரைப் பக்கம் வைக்கலாம். அதற்குத் துணையாகச் சுட்ட வேண்டுமானால், 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த லைடன் அறிக்கை இருக்கிறது. ஆய்வை அளக்க அது சொல்லும் பத்து நெறிகளில் மூன்றாவது, உள்ளூருக்குப் பொருத்தமான நல்ல ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது. இம்பாக்ட் ஃபேக்டரை ஆளின் தரத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள் என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இலேயே உருவாகிவிட்டது. உங்கள் தேர்வுக் குழு இவற்றைப் படித்திருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பெயரைக் கேட்டதும் ஒருவராவது நிமிர்ந்து உட்காருவார்.

உங்கள் எண்ணை வேதியியல் துறைத் தோழியின் எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை அழித்துவிடுங்கள். துறைக்குத் துறை எழுதும் வேகமும் மேற்கோள் காட்டும் பழக்கமும் வேறு. கணிதத்தில் ஒரு கட்டுரை இருபது மேற்கோள் பெறுவதும் மருத்துவத்தில் பெறுவதும் ஒரே செய்தி அல்ல. எச்-குறியீடோ, பதிவேட்டைத் திருத்தினாலொழிய, ஏறுமே தவிர இறங்காது, ஆகவே ஐந்தாண்டு மூத்தவருக்கு அது கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

ஸ்கோபஸ் கோரிக்கையை இன்றே அனுப்புங்கள், திருத்தம் ஏற நாளாகும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சிறந்த கட்டுரைகள் மூன்றைக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? 41 மேற்கோள் பெற்ற தொகுப்புக் கட்டுரையை இரண்டாவதாக வையுங்கள். முதலில் 0 மேற்கோள் பெற்ற வேதாரண்யம் கட்டுரையை வையுங்கள். குழு கேள்வி கேட்டால், குறிப்பைப் பார்க்காமல் உங்களால் அரைமணி நேரம் பேச முடிவது அதைப் பற்றித்தான்.